காகிதத்தில் இரண்டு முறை இறந்த ஜெனரல்

நவம்பர் 11-ஆம் தேதி நமக்கு லீவு கிடையாது. வழக்கம்போல முதல் பீரியடு ஒர்க்‌ஷாப், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, கேன்டீன் டீ. ஆனால் அதே காலை நேரத்தில் நம்ம ஊர் கடற்கரைச் சாலையில், வருஷம் முழுக்கப் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் ஒரு கேட்டைத் திறந்து வைப்பார்கள். காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி, சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறதே, அந்தப் போர் நினைவுச் சின்னம்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீச்சில் சுண்டல் வாங்கிக்கொண்டு அதன் முன்னால் எத்தனையோ தடவை நடந்திருப்போம். அது யாருக்காகக் கட்டியது என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம். நானும் முழித்தவன்தான்.

முதல் உலகப் போரில் உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பப்பட்டு, 1938 ஏப்ரல் 3-ஆம் தேதி அப்போதைய கவர்னர் குரோசிக்கியா திறந்து வைத்த சின்னம் அது. 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்கு அந்தப் போர் ஓய்ந்தது. அதனால்தான் அந்தத் தேதி. பிரெஞ்சு கான்சல் ஜெனரல் வருவார், மலர் வளையம் வைப்பார்கள், இரண்டு நாட்டுத் தேசிய கீதமும் ஒலிக்கும். நெஞ்சில் மெடல் தொங்க வரிசையாக நிற்பவர்கள் நம்ம ஊர் முன்னாள் சொல்தாக்கள். வெளியூர் ஹாஸ்டல் நண்பர்களுக்காக: சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சிப்பாய். புதுவையில் இது தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது.

எங்கள் தெருவிலும் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவர் வீட்டு ஹாலில் வேளாங்கண்ணி மாதா படத்துக்கும் தினசரி காலண்டருக்கும் நடுவே ஒரு போட்டோ. நெட்டையான மனுஷன், தட்டையான ராணுவத் தொப்பி, நீளமான மூக்கு. சின்ன வயசில் அது தாத்தாவோட அப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேர் கேட்டால் ஜெனரல் என்று மட்டும்தான் சொல்வார். உலகத்திலேயே ஒரே ஒரு ஜெனரல்தான் இருந்த மாதிரி! அவர்தான் சார்ல் தெ கோல். நம்ம பத்திரிகைகள் டி கால் என்று எழுதும்.

இறந்த வீரனுக்கு மரியாதை செய்வது என்றால் என்ன என்று யோசிக்க இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால், இவரே ஒரு தடவை இறந்த வீரராக மரியாதை வாங்கியவர்.

1890 நவம்பர் 22-இல் வட பிரான்சில் லில் நகரத்தில் பிறந்தார். அப்பா ஆசிரியர். பையனுக்குப் பட்டாளக் கிறுக்கு. சென்-சீர் ராணுவப் பள்ளியில் படித்து முடித்து, 1912-இல் அராஸ் ஊரில் இருந்த 33-ஆவது காலாட்படை ரெஜிமெண்டில் சேர்ந்தார். அங்கே கர்னலாக இருந்தவர் பெத்தேன். இந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க வரப்போகிறார்.

1914 ஆகஸ்டில் போர். அதே மாதம் 15-ஆம் தேதி பெல்ஜியத்தின் தினான் பாலத்தருகே காலில் குண்டு. ஆஸ்பத்திரி. திரும்பி வந்தார். 1915 மார்ச்சில் கையில் காயம். மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி முன்னணி. 1916 மார்ச் 2-ஆம் தேதி வெர்தன் போர்க்களத்தில் தூஓமோன் கோட்டை அருகே அவருடைய கம்பெனி ஏறக்குறைய முழுசாக அழிந்தது. தொடையில் பயனெட் குத்து, மயக்கம். திரும்பி வரவில்லை என்றதும் செத்துவிட்டார் என்று கணக்கு எழுதிவிட்டார்கள். அப்போது வெர்தன் தளபதியாக இருந்த பெத்தேன், இறந்த அதிகாரியின் வீரத்தைப் புகழும் பாராட்டுக் குறிப்பில் கையெழுத்துப் போட்டார். அதைப் படித்தவர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள். ஆள் என்னமோ ஜெர்மன்காரன் கையில் கைதியாக உயிரோடுதான் இருந்தார்!

அடுத்த 32 மாசம் சிறை. ஐந்து தடவை தப்பிக்கப் பார்த்தார், ஐந்தும் அரியர். சுரங்கம் தோண்டினாலும் சரி, மாறுவேஷம் போட்டாலும் சரி, ஆறடிக்கும் மேலே இன்னும் அஞ்சு அங்குலம் உயரமாக இருக்கிறவரை எந்தக் காவலாளி கோட்டை விடுவான்? இங்கோல்ஸ்டாட் கோட்டையில் இவரோடு கைதியாக இருந்த ரஷ்ய இளைஞர் துகாசெவ்ஸ்கி பின்னால் சோவியத் மார்ஷல் ஆனார். போர் முடிந்து 1918 டிசம்பரில் வீடு திரும்பினார். அந்தப் போரில் பிரான்சுக்காகச் செத்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர். அவர்களில் ஒருத்தராக எழுதப்பட்ட மனுஷன் வீட்டுக் கதவைத் தட்டினால் எப்படி இருக்கும்!

நவம்பர் 11 அன்று நினைவு கூருகிற வழக்கம் அதற்குப் பிறகு உருவானதுதான். 1920-இல் அதே நாளில், வெர்தன் மண்ணிலிருந்து அடையாளம் தெரியாத ஒரு சிப்பாயின் உடலைக் கொண்டுவந்து பாரிஸ் வெற்றி வளைவுக்குச் சேர்த்தார்கள். 1923-இலிருந்து தினமும் சாயங்காலம் அங்கே சுடர் ஏற்றுகிறார்கள். பிரிட்டிஷ்காரர் அன்று சிவப்பு பாப்பிப் பூ குத்திக்கொள்வார்கள். பிரெஞ்சுக்காரருக்கு நீலப் பூ.

இரண்டு போருக்கும் நடுவில் தெ கோல் எழுதியது மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பிடிக்கும். டாங்குகளைக் காலாட்படைக்குப் பின்னால் ஒன்றிரண்டாகத் தள்ளிவிடாமல், அவற்றையே தனிப் படையாகத் திரட்டி வேகமாகப் பாய விட வேண்டும் என்று 1934-இல் ஒரு புத்தகமே போட்டார். பெரிய அதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜெர்மன்காரன் அதே மாதிரி டாங்குகளைத் திரட்டி 1940 மே மாதம் ஆறே வாரத்தில் பிரான்சை மடக்கினான். கடைசி நேரத்தில் நாலாவது கவசப் படையைத் தெ கோலிடம் கொடுத்தார்கள். மோன்கோர்னே, அப்வில் என்று சில இடங்களில் எதிரியைத் தடுத்து நிறுத்திப் பார்த்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஜூன் 17 அன்று புதிதாகப் பிரதமர் ஆனவர் சண்டையை நிறுத்தச் சொன்னார். யார் தெரியுமா? பெத்தேன்தான். வெர்தனின் வீரர், 84 வயசு. அன்று காலையே தெ கோல் ஒரு சின்ன விமானத்தில் லண்டன் போய்விட்டார். மறுநாள், 1940 ஜூன் 18, பி.பி.சி. வானொலியில் பேசினார். சண்டை முடியவில்லை, ஆயுதம் வைத்திருக்கிறவனும் இன்ஜினியரும் ஆயுதத் தொழிலாளியும் என்னோடு வந்து சேருங்கள் என்பது சாரம். சிப்பாயைக் கூப்பிட்ட மூச்சிலேயே தொழில் தெரிந்தவனையும் கூப்பிட்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள், நம்ம ஜாதி! அந்தப் பேச்சை யாரும் ரெக்கார்டு பண்ணி வைக்கவில்லை. இப்போது நாம் கேட்கிற ஒலிப்பதிவு நாலு நாள் கழித்து, 22-ஆம் தேதி பேசியது.

பெத்தேன் அரசாங்கத்தின் ராணுவ நீதிமன்றம் ஆகஸ்ட் 2-ஆம் தேதி தெ கோலுக்கு, அவர் இல்லாமலே, மரண தண்டனை விதித்தது. 1916-இல் செத்துவிட்டதாகப் புகழ்ந்தார்கள், 1940-இல் சாகவேண்டும் என்று தீர்ப்பு எழுதினார்கள். இரண்டு காகிதத்துக்கும் பின்னால் ஒரே மனிதரின் நிழல்.

நம்ம ஊர் இந்தக் கதைக்குள் நுழைவது இங்கேதான். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஐந்துக்கும் கவர்னராக இருந்தவர் லூயி போன்வேன். சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா. பெத்தேன் பக்கமா, லண்டனில் உட்கார்ந்திருக்கிற அந்த நெட்டை மனுஷன் பக்கமா? 1940 செப்டம்பரில் போன்வேன் தெ கோல் பக்கம் என்று அறிவித்தார். சுதந்திர பிரான்ஸ் படைக்கு இங்கிருந்தும் தன்னார்வலர்கள் போனார்கள். அவர்களில் எல்லாரும் திரும்பவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 11-ஐப் பற்றி மாணவர் சங்க மலரில் எழுதாமல் விட்டால் பாவம். பாரிசைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரர்கள் அந்த வருஷம் நினைவு நாள் கிடையாது, அது வேலை நாள், வகுப்புகள் நடக்கும் என்று உத்தரவு போட்டார்கள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் வெற்றி வளைவை நோக்கிச் சாரி சாரியாகப் போனார்கள். ஆயிரக்கணக்கில். அன்று விடியுமுன்னே யாரோ முதல் போர்க்காலப் பிரதமர் கிளெமான்சோ சிலையடியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு விசிட்டிங் கார்டு செய்து வைத்திருந்தார்கள். அதில் இருந்த பேர் ஜெனரல் தெ கோல். சாயங்காலம் படை வந்து சுட்டது, துப்பாக்கிக் கட்டையால் அடித்தது, நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப் போனது. கல்லூரிகளை இழுத்து மூடினார்கள். நம்ம வயசுப் பிள்ளைகள். கையில் இருந்தது பூ மட்டும்.

அதற்கு அஞ்சு நாள் கழித்து, அந்தச் செய்தி எட்டாத ஆப்பிரிக்காவில் பிரஸ்ஸாவில் நகரில் தெ கோல் ஒரு விருதை ஏற்படுத்தினார். விடுதலைத் தோழர்கள் என்று பெயர். மொத்தம் 1,038 பேருக்கும், 18 படைப்பிரிவுகளுக்கும், 5 ஊர்களுக்கும் மட்டுமே கொடுத்தார்கள். அந்த 1,038-இல் பெண்கள் 6 பேர்தான். ஜெனரல் கணக்கில் கொஞ்சம் பிசகு என்றுதான் சொல்லவேண்டும்.

1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலை. நவம்பர் 11 அன்று தெ கோலும் சர்ச்சிலும் சேர்ந்து பெயர் தெரியாத சிப்பாயின் கல்லறையில் மலர் வைத்தார்கள். மறு வருஷம் அதே தேதியில் இன்னும் பெரிதாக ஒன்று செய்தார். போரில் இறந்தவர்களில் 15 பேரின் உடல்களைப் பல இடங்களிலிருந்து கொண்டுவந்து, வெற்றி வளைவில் வைத்து, பிறகு பாரிசுக்கு வெளியே மோன்-வலேரியன் குன்றில் அடக்கம் செய்தார்கள். ஜெர்மன்காரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்ற இடம் அது. அந்தப் பதினைந்து பேரில் சிப்பாய்களும் இருந்தார்கள், தலைமறைவாகப் போராடிய பெண்களும் இருந்தார்கள், வட ஆப்பிரிக்க, மேற்கு ஆப்பிரிக்க வீரர்களும் இருந்தார்கள். கடைசி விடுதலைத் தோழருக்கு என்று ஓர் இடத்தைக் காலியாக விட்டு வைத்தார்கள். அந்தக் கடைசி ஆள், ஹூபேர் ஜெர்மேன், 2021 அக்டோபரில் தன் 101-ஆவது வயசில் காலமானார். அதே வருஷம் நவம்பர் 11 அன்று அந்த இடம் நிரம்பியது.

இதுவரைக்கும் படித்தால் கைதட்டத் தோன்றும். ஆனால் போட்டோவில் பார்க்கிற மாதிரி ஒரு பக்கத்து முகத்தை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

பிரான்சை மீட்கத் தெற்கிலிருந்து சண்டை போட்டு ஏறி வந்த படையில் கணிசமானவர்கள் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். 1944 இலையுதிர் காலத்தில், வெற்றி கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை முன்னணியிலிருந்து விலக்கி, அந்த இடத்தில் பிரெஞ்சு இளைஞர்களை நிறுத்தினார்கள். குளிர் தாங்காது என்று காரணம் சொன்னார்கள். கழற்றி வாங்கிய கோட்டுகளையும் ஹெல்மெட்டுகளையும் புது ஆட்களுக்கு மாட்டிவிட்டார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி செனகலில் டக்காருக்கு அருகே தியாராய் முகாமில், ஜெர்மன் சிறையிலிருந்து மீண்டு வந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் பாக்கிச் சம்பளத்தைக் கேட்டார்கள். பிரெஞ்சு ராணுவமே அவர்களைச் சுட்டது. அரசு சொன்ன கணக்கு 35 பிணம், அதைவிட மிக அதிகம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அது படுகொலைதான் என்று பிரெஞ்சு ஜனாதிபதி எழுத்தில் ஒப்புக்கொள்ள 2024 நவம்பர் வரை ஆனது. அன்றைய தற்காலிக அரசின் தலைவர் தெ கோல். துப்பாக்கியைத் தூக்கியது அவர் இல்லை. ஆனாலும் அவர் ஆட்சி.

1946 ஜனவரியில் பதவியை விட்டு விலகினார். பெத்தேனுக்கு 1945-இல் நீதிமன்றம் கொடுத்த மரண தண்டனையை, வயசைக் கருதி ஆயுள் தண்டனையாக மாற்றியதும் தெ கோல்தான். 1958-இல் அல்ஜீரியப் போர் நெருக்கடியில் மறுபடி கூப்பிட்டார்கள். 1959 ஜனவரியில் ஜனாதிபதி.

நம்ம ஊர் இந்தியாவோடு சேர்ந்தது 1954 நவம்பர் 1. கீழூரில் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஓட்டுப் போட்டது அதற்கு முந்தின மாதம். ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்காமல் இழுத்துக்கொண்டே போனது. 1962-இல் அல்ஜீரியப் பிரச்சினை தீர்ந்த பிறகு, தெ கோல் ஆட்சியில்தான் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படியான மாற்றம். நாம் இன்றும் கொண்டாடுகிற அந்த நாளுக்குப் பின்னாலும் இவர் இருக்கிறார். அன்றிலிருந்து ஆறு மாசம் அவகாசம் கொடுத்து, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சுமார் ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இந்தியக் குடிமக்கள்.

அந்த ஒரு கையெழுத்து எத்தனை பெரிய விஷயம் என்று அன்று யாருக்குத் தெரியும்? 1959 டிசம்பர் நிதிச் சட்டத்தில் 71-ஆவது பிரிவு என்று ஒன்றை வைத்தார்கள். பிரான்சின் ஆட்சியில் முன்பு இருந்து பிரிந்த நாடுகளின் குடிமக்களாகிவிட்ட பழைய சிப்பாய்களுக்கு, பென்ஷன் அன்றைய தொகையிலேயே நின்றுவிடும். பிரெஞ்சுக்காரனுக்கு விலைவாசியோடு ஏறும், இவனுக்கு ஏறாது. ஒரே பதுங்குகுழியில் ஒரே குண்டுக்குக் குனிந்த இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு. மோன்-வலேரியனில் கறுப்புச் சிப்பாயையும் வெள்ளைச் சிப்பாயையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வைத்த அதே தலைவரின் ஆட்சியில் வந்த சட்டம் இது. கேட்கவே என்னவோ போல் இருக்கிறது.

தாத்தா 62-இல் கையெழுத்துப் போட்டவர். அவரோடு ஒரே பாரக்கில் இருந்த கூட்டாளி போடவில்லை. நெல்லித்தோப்புப் பக்கம் வீடு. பிரெஞ்சுப் பென்ஷன் வீடு என்றால் கல்யாணச் சந்தையில் கூட நம்ம ஊரில் தனி மவுசு, சொல்லவே வேண்டாம். கூட்டாளி வீட்டில் அந்த மவுசு இல்லை. ஒவ்வொரு மாசமும் பென்ஷன் வந்தால் தாத்தா ஒரு கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். எங்கே என்று கேட்டால் பீச்சுக்கு என்பார். பீச் இந்தப் பக்கம், நெல்லித்தோப்பு அந்தப் பக்கம்.

தெ கோல் தன் சொந்த விஷயத்தில் காசு தொடாத மனுஷன் என்பது இன்னொரு வேடிக்கை. ஜனாதிபதி பென்ஷன் வேண்டாம், ஜெனரல் பென்ஷன் வேண்டாம், கர்னலுக்கு உரியது போதும் என்று வாங்கிக்கொண்டார். ஜனாதிபதி மாளிகையில் தன் குடும்பம் இருந்த பகுதிக்குத் தனிக் கரண்ட் மீட்டர் வைத்து, பில்லைத் தானே கட்டினார் என்று சொல்வார்கள். 1969-இல் பொது வாக்கெடுப்பில் தோற்றதும் மறுநாளே வெளியேறிவிட்டார்.

1970 நவம்பர் 9-ஆம் தேதி இரவு, கொலொம்பே என்ற சின்னக் கிராமத்து வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் சீட்டு வைத்து விளையாடிக்கொண்டிருந்தவர் சாய்ந்தார். 80 நிரம்ப இரண்டு வாரம்தான் பாக்கி. தன் அடக்கம் எப்படி நடக்கவேண்டும் என்று 1952-லேயே எழுதி வைத்திருந்தார். அரசு மரியாதை வேண்டாம். ஜனாதிபதி, மந்திரி யாரும் வரவேண்டாம். ராணுவம் மட்டும் எளிமையாகக் கலந்துகொள்ளலாம். பட்டம், மெடல் எதுவும் வேண்டாம். 1948-இல் இறந்துபோன, மனவளர்ச்சி குன்றிய மகள் ஆன் பக்கத்தில் புதைக்கவேண்டும். கல்லில் பேரும் வருஷமும் போதும். அப்படியே நடந்தது. கிராமத்துத் தச்சர் செய்த பெட்டி. மேல்தளம் கழற்றிய ஒரு கவச வண்டியில் ஏற்றி வந்தார்கள், தூக்கிச் சுமந்தவர்கள் அதே ஊர்ப் பையன்கள் 12 பேர். நாட்டுத் தலைவர்கள் எல்லாரும் பாரிசில் நோத்ர்தாம் கோயிலில் கூடியிருக்க, கொலொம்பேயில் உயிரோடிருந்த விடுதலைத் தோழர்களும் ஊர்ச் சனங்களும்தான்.

பென்ஷன் விவகாரம் அவரோடு புதையவில்லை. 2001-இல் செனகல் நாட்டு சார்ஜண்ட் ஒருவரின் வழக்கில், இந்தப் பாகுபாடு செல்லாது என்று பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் சொன்னது. 2006-இல் வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பற்றி ஒரு சினிமா வந்தது. அதைப் பார்த்த பிறகு ஜனாதிபதி ஷிராக் அசைந்தார். ஊனமுற்றோர், போர்வீரர் பென்ஷன்கள் 2007-இலிருந்து சமமாயின, மற்றவை 2011-இல். 1959-இலிருந்து எண்ணிப் பாருங்கள். நெல்லித்தோப்புக் கூட்டாளி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தாத்தா கடைசியாக நினைவுச் சின்னத்துக்குப் போன நவம்பர் 11 அன்று, பிடித்துக் கூட்டிப் போனது நான்தான். முதல் பீரியடு கட். மெடலைச் சட்டையில் குத்தக் கை நடுங்கியது, நான் குத்திவிட்டேன். அவருடையது மூன்று. நாலாவதாக ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். அது கூட்டாளியுடையது, வீட்டுக்காரம்மா கொடுத்தது என்றார். அதைக் குத்திக்கொள்ளவில்லை. கீதம் முடிகிற வரைக்கும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.